அண்ணன் போர்த்த வேண்டிய கம்பளி

நாலு நாள் காய்ச்சல் என்றால் முதல் நாளே ஆள் அனுப்பியிருக்க வேண்டாமா, மூச்சு அடங்கிய பிறகா அனுப்புவது... மலையின் அந்தச் சரிவிலிருந்து இங்கே வர அரை நாள், கல் சுமந்து உரமேறிய கால், ஓடியே வந்திருக்குமே. கல்லுடைக்கிறவர், பாடையில் கிடத்தியிருந்த தங்கையின் தலைமாட்டில் நின்று அவள் புருஷனையே பார்த்தார். கண் சிவந்திருக்கிறது, அழுகையா அடுப்புப் புகையா, யார் கண்டது? கம்பளியை ஏந்திக்கொண்டு நிற்கிறான். கல்யாணத்தன்று அண்ணன் கொடுத்த கம்பளியைச் சாவன்று புருஷன் திருப்பித் தர வேண்டும், அண்ணன் அதை வாங்கித் தங்கைமேல் போர்த்த வேண்டும், மலையில் அதுதான் முறை. போர்த்திவிட்டால் இந்த வீட்டின்மேல் குறையில்லை என்று ஊரறியச் சொன்னதாகிவிடும், அப்புறம் வாய் திறக்க முடியாது. போர்த்தாவிட்டால் பாடை எழும்பாது.

“வாங்கிக்குங்க மச்சான்.”

வாங்கினார். என்ன கனம்... இருபத்திரண்டு வருஷம் போர்த்தியதா இது? ஓரம் தேயவில்லை, ஒரு கறை இல்லை. ஆக, அவளைத் தொடவே விடவில்லை, பெட்டியில் பூட்டிவிட்டுப் பனியில் நடுங்க விட்டிருக்கிறார்கள், காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? கன்னம் ஏன் இப்படி ஒட்டிப்போயிருக்கிறது? போன தடவை பார்த்தபோது ‘நல்லாத்தான் இருக்கேண்ணே’ என்றாள், அதை எதற்கு இரண்டு தரம் சொன்னாள்? சுவரோரத்திலிருந்து புருஷனின் அக்கா, “என்ன, அண்ணன்காரரு சந்தையில துணி எடுக்கிற மாதிரி தடவுறாரு, பிடிக்கலையாமா?” என்கிறாள், யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள், “சும்மா இரு, அக்கா” என்று அவன் அதட்டுகிறான். நல்லவன் வேஷம்... தடவத்தான் செய்வேன். ஆனால் விரல் ஏன் மடிப்புக்குள் நுழைந்து நடுப்பக்கமாகப் போகிறது, போகாதே என்றாலும் கேட்கவில்லை... அங்கே பொத்தல் இல்லை. இருக்க வேண்டும். உள்ளங்கை அகலம், தணல் தெறித்துக் கருகியது. அவள் கல்யாண வருஷம் புதிதாக நெய்ய நூல் கிடைக்கவில்லை, பொத்தலை உள்ளே வைத்து மடித்து நீட்டிவிட்டார், பதிலுக்கு அவர்கள் கொடுத்த செம்மறி இரண்டும் சினை. விரித்துப் பார்த்த அவளுக்கு மட்டும் தெரியும், அவள் வாய் திறக்கிறவள் இல்லை. அப்படியென்றால் இது வேறு கம்பளி! மாற்றிவிட்டார்கள், முறை தப்பிவிட்டார்கள், அகப்பட்டுக்கொண்டான்! ‘இது நான் குடுத்தது இல்ல’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது... உங்களுடையதற்கு என்ன அடையாளம் என்று கேட்பார்களே.

புருஷன் பக்கத்தில் வந்தான். காதோரமாகச் சொன்னான்: “தாராளமா விரிங்க மச்சான். இத முழுசா விரிக்கலாம்.”

கை தானாக உதறி விரித்தது. வழவழவென்று பரந்து இறங்கி அவள் முகத்தை மூடியது, ஐயோ, இன்னொரு தரம் பார்த்திருக்கலாமே... எப்போதிருந்து தெரியும் இவனுக்கு? அந்தப் பொத்தலோடேயா அவள் இத்தனை பனியையும் தாண்டினாள்? “குறையில்ல” என்று யாரோ உரக்கச் சொன்னார்கள், தோள்கள் குனிந்தன, பாடை எழும்பிவிட்டது. மானத்தைக் காப்பாற்றினானா, இல்லை, வாயைக் கட்டினானா... கேட்டுவிடலாம் என்று திரும்பினார். அவன் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி நடந்துகொண்டிருந்தான், முதுகுதான் தெரிந்தது.