முதற்பலன் தொட்டில்

நாகர்கோவிலில் பஸ்கள் பெருகியதிலிருந்து தங்கையனுக்கு வெல்டிங் ஆசை பிடித்துவிட்டது. உடைந்த இரும்பைப் பற்றவைக்க ஊரில் ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மாட்டுத் தொழுவத்தைக் கழுவிப் பட்டறையாக்கினான். கருவி மட்டும்தான் பாக்கி.

கோட்டாற்றுக் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று புதிய சீமைச் சரக்கு. அதன் விலையைக் கேட்டதும் தங்கையன் காது கேளாதவன்போல அடுத்ததன் பக்கம் திரும்பினான். அது சின்னது, பழையது, மலிவு. கடைக்கார சாயபு எதையும் ஒளிக்கவில்லை.

“தகரத்துக்கு இது கொள்ளாம், நல்லா ஒட்டும். கனத்த இரும்புக்குச் சூடு பத்தாது. மேல ஒட்டும், உள்ள ஒட்டாது. பொறவு என்னைக் கொறை சொல்லப்பிடாது, கேட்டீரா?”

“கைப்பக்குவம் இருந்தா எல்லாம் ஒட்டும்.”

மலிவான பொருளை வாங்கும்போது மட்டும் மனுஷனுக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை வந்துவிடும்.

முதல் வேலையாகத் தொட்டில் தொங்கவிட ஓர் இரும்புச் சட்டம் செய்தான். கனத்த கம்பி. சாயபு சொன்னபடியே ஆயிற்று. மேல்கம்பியும் காலும் சேரும் இடத்தில் உருகிய இரும்பு தோல்போலப் படர்ந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. தட்டிப் பார்த்தபோது சத்தமே காட்டிக்கொடுத்தது. அரத்தால் ராவி, பச்சைப் பெயின்ட் அடித்தான். பார்க்க லட்சணமாக இருந்தது.

அதைத் தூக்கி மூலையில் போட்டிருக்கலாம். ஆனால் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. முதல் குலை, முதல் நெல், புதுத்தொழில் என்றால் அதன் முதல் வேலை, எல்லாம் ஆலயத்துக்கு. இரண்டாவதைக் கொடுத்தால் அது முதற்பலன் இல்லை. தங்கையன் சட்டத்தைச் சுமந்துபோய்ப் பீடத்தின் முன் வைத்தான். ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். எப்படியும் ஊர்ப் பணக்காரர் ஜான்ரோஸ் முதலாளிதான் எடுப்பார், வழக்கம்போல அவர் வீட்டுப் பரணில் கிடக்கும் என்பது அவன் கணக்கு.

அன்று முதலாளிக்கு எதிராக ஏலம் கேட்டவள் செல்லத்தாய். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போய், இப்போதுதான் மூன்றாவதைப் பெற்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முதலாளி சிரித்து விலகிக்கொண்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். “தங்கையன் வேலைன்னா வேலைதான்” என்று யாரோ முதுகில் தட்டினார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு அவனுக்கு வேலை தரவேண்டிய பஸ் முதலாளிகளும் அங்கே நின்றார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் ராத்திரிச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான்.

“என்ன, மீனைத் தொடாம எழும்பிட்டிய?” என்று மனைவி ராஜபாய் கேட்டாள். அவன் கைகழுவிவிட்டுப் பாயை விரித்தான். கண்ணை மூடினாலும் அந்தப் பச்சை மூட்டுதான். மறுநாள் விடிந்ததும் செல்லத்தாய் வீட்டுக்கு ஓடினான். பச்சைச் சட்டத்தில் தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை அவள் மடியில் இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

“தங்கச்சி, அந்தச் சட்டத்தைத் தா. கொஞ்சம் வேலை பாக்கி உண்டு.”

“ஐயோ, வேண்டாம்ணே. ஆண்டவருக்குக் கொடுத்தது கொடுத்தவன் கைக்குத் திரும்பப்பிடாது. அந்த ஆசீர்வாதத்துக்குத்தானே நான் ஏலத்துல எடுத்தேன்.”

அவளுடைய நம்பிக்கை அவனைக் கூசவைத்தது. வேறு பொய் தோன்றவில்லை. மேல்கம்பியை இரண்டு கையாலும் பற்றித் தொங்கினான். மூட்டு பட்டென்று விட்டது. கம்பியோடு தங்கையனும் தரையில் விழுந்தான்.

செல்லத்தாய் ஒரு கையில் பிள்ளையோடு குனிந்து, உடைந்த முனையைப் பார்த்தாள். பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு இரும்பைத் தொடவே இல்லை.

“உமக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதானா ஆண்டவருக்குக் கொடுத்தீரு?”

தங்கையன் எழுந்திருக்கவில்லை. “ஆண்டவர் அதுல படுக்கமாட்டாருன்னு நெனச்சேன்” என்றான்.

செல்லத்தாய் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“நேத்து ராத்திரி பூரா இவன் அதுலதான் கெடந்தான்” என்றாள்.