வெளியில் ஈரமில்லாத போத்தல்

ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வருகிறவர் போத்தலைத் தாமே கொண்டுவர வேண்டும். கலவை மருந்தை ஊற்றிக் கொடுக்க அரசாங்கம் போத்தல் தராது. வன்னியில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அந்தச் சட்டத்தால் என் தலை எவ்வளவு நரைத்தது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

என் பெயர் கதிர்காமநாதன். கண்டி வீதியோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சளி, சலம், இரத்தம் பார்க்கிறவன். ஆய்வுகூடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு யன்னல். மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் வெயில் விழுந்தால்தான் கிருமி தெரியும். மழைக்காலத்தில் நானும் கிருமியும் சேர்ந்து வெயிலுக்குக் காத்திருப்போம்.

எனக்கு உதவிக்கு இருந்தவள் நேசமலர். நாயாற்றுப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். புருஷன் கடலோடு போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகளையும் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே தற்காலிக வேலைக்கு வந்தவள். கன்னியாஸ்திரிகளிடம் படித்த அழகான கையெழுத்து. பதிவுப் புத்தகம் எழுதுவது அவள்தான். அடுத்த தை மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பெரிய டொக்டர் சொல்லியிருந்தார். அதன்பிறகு பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கதை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஓர் அறைக்கு அவள் மனதுக்குள் திரைச்சீலைகூடப் போட்டுவிட்டாள்.

சயரோகம் என்கிற காசநோயோ என்று சந்தேகம் வந்தால் டொக்டர் சளி பார்க்க எழுதுவார். சனம் மருந்துக்குக் கொண்டுவந்த அதே போத்தலில் துப்பிக்கொண்டு வந்து யன்னலடியில் நிற்கும்.

"கெதியா ஊத்திப்போட்டுத் தாங்கோ ஐயா. மருந்துக் கதவு பூட்டப் போறாங்கள்," என்று குடியேற்றத் திட்டத்து நடராசா ஒருநாள் கையை நீட்டினார்.

"உந்தப் போத்தலிலையோ மருந்து எடுக்கப் போறீர்?"

"வேறை போத்தல் இல்லை. உது நல்ல போத்தல் ஐயா, இரண்டு வருசமா வைச்சிருக்கிறன்."

நான் கத்தினேன். நடராசா அசையவில்லை. நேசமலர்தான் சளியை ஒரு சிரட்டையில் ஊற்றி, அவர் போத்தலைச் சுடுதண்ணீரில் அலசிக் கொடுத்து அனுப்பினாள். ஊற்றும்போது அவள் விரலெல்லாம் சளி. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. வாரத்துக்கு இருபது பேர் இப்படி வந்தால் என்ன செய்வது? மேலிடத்துக்குப் போத்தல் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெனிசிலின் ஊசி மருந்து வரும் குட்டிப் போத்தல்கள் வார்டில் வாளி கணக்கில் வீணாகப் போயின. தடித்த கண்ணாடி, இறுக்கமான றப்பர் மூடி. அவித்து எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தால் ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், அதில் மருந்து எடுக்கவும் முடியாது. டொக்டர் என் முதுகில் தட்டினார். நானும் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் போத்தலின் வாய் சுண்டுவிரல் அளவு. அதற்குள் துப்பிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியில் வழிந்ததை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். றப்பர் மூடியோ கல்லுப்போல இறுகியிருக்கும். அழுத்தி இழுத்தால் 'பொக்' என்று திறக்கும். திறக்கும்போது மூக்குக்கு நேரே ஏதோ தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாது. திறப்பது நேசமலர் வேலை. கண்ணாடித் துண்டில் தடவுவது என் வேலை. தையிலிருந்து ஆடி முடியும்வரை அவள் திறந்தாள். ஒரு நாளைக்கு நாலைந்து 'பொக்'. நான் முதுகைக் காட்டிக்கொண்டு சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒருநாள் சொன்னாள். "ஐயா, உது வாய் காணாது. அகலமான வாயும் திருகிற மூடியும் இருந்தால் வெளியிலை பிரளாது. திறக்கேக்கை தெறிக்கவும் மாட்டுது."

"அப்பிடிப் போத்தல் ஆர் தருவினம்? உம்மடை மாமனாரோ?"

நான் அப்படித்தான் பேசுவேன். களைத்துப்போனவனுக்கு நாக்கு முன்னால் ஓடும்.

அவள் அடுத்த மூடியைத் திறக்கப் போனாள். ஒரு மாதம் கழித்து ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உள்ளே நாற்பது ஐம்பது போத்தல்கள். கனகலிங்கத்தின் சலூனில் தலைக்குப் பூசும் கிரீம் வருமே, அந்தப் போத்தல்கள். அகல வாய், திருகு மூடி, இரண்டு விரலும் உள்ளே போகும். ஒரு மாதமாகச் சந்தையால் வரும்போதெல்லாம் சலூன் வாசலில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு பெண்பிள்ளை சலூன் வாசலில் நிற்பது ஊருக்கு எவ்வளவு பெரிய கதை என்று எனக்குத் தெரியும்.

ஆவணியிலிருந்து அந்தப் போத்தல்களைத்தான் அவித்து அவித்துத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். எப்படிக் கட்ட வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். மூடியை இறுகத் திருக வேண்டும். மூடியைச் சுற்றி ஒட்டுப்பிளாஸ்டர் போட வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் போத்தலின் உடம்பில் ஒட்ட வேண்டும், மூடி மாறினால் ஆள் மாறிவிடும். வெளிப்பக்கத்தைத் துடைத்து, சாம்பல் போட்ட தகரப்பேணிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். கசிந்தால் சாம்பல் குடித்துவிடும். நேசமலர் இதை ஒவ்வொருவருக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எல்லாரும் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றார்கள். எவரும் அப்படிச் செய்யவில்லை. மூடி கோணலாக வரும், பேணி வீட்டில் மா அள்ளப் போயிருக்கும், சாம்பல் பல் விளக்க. இருந்தாலும் 'பொக்' நின்றது. அது எனக்குப் போதும்.

ஆவணியிலேதான் அவள் சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினாள். எனக்குப் பக்கத்தில் வந்தால் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"இவ்வளவு நாளும் இல்லாத அருவருப்பு இப்ப வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"மணம் ஐயா," என்றாள்.

அவளும் மற்றவர்களைப்போலத்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் மனம் விட்டும் போனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வெயிலில்லை. சாயம் போட்ட கண்ணாடித் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. நேசமலர் மட்டும் யன்னலை விட்டு நகரவில்லை. "இண்டைக்கு வெயில் எறிக்குமோ ஐயா," என்று காலையில் கேட்பாள். மத்தியானமும் கேட்பாள். நெல்லுக் காயப்போட்டவள்கூட அப்படிக் கேட்கமாட்டாள். எனக்கு அலுப்பாக இருந்தது.

நாலாம் நாள் பத்து மணிக்கு வெயில் வந்தது. நான் கதிரையை இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஐந்தாவது துண்டில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். ஒன்றிரண்டல்ல, கும்பல் கும்பலாக. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். இராசமலர், வயது முப்பத்தெட்டு, ஊர் பளை.

"ஐயா, பளையாளின்ரை என்ன மாதிரி?"

கைகழுவும் தொட்டியடியில் நின்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் ஒருவருடைய முடிவையும் என்னிடம் கேட்டதில்லை.

நான் போத்தலைத் தேடினேன். அது சாம்பல் போட்ட பேணிக்குள் நேராக நின்றது. மூடியைச் சுற்றி வெட்டிவிட்ட பிளாஸ்டரின் அடையாளம், சுருக்கமில்லாமல் ஒரே சுற்று. பெயர் போத்தலின் உடம்பில். வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. மூன்று மாதத்தில் இருநூறு போத்தல் பார்த்துவிட்டேன். சொன்னபடி வந்த போத்தல் இது ஒன்றுதான். பளையில் இருக்கிற எந்த இராசமலருக்கும் இப்படிக் கட்டத் தெரியாது. வன்னி முழுக்க ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதிவில் பெயர் எழுதுகிறவளும் அவள்தான். சேலைத் தலைப்பு ஞாபகம் வந்தது. அவள் தன் மூக்கைப் பொத்தவில்லை. தன் இருமலை என்மேல் படாமல் பொத்தியிருக்கிறாள். நான் அதைப் பரிகசித்திருக்கிறேன். அந்த நேரம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எப்ப துவங்கினது நேசமலர்?"

அவள் தொட்டியடியிலேயே நின்றபடி சொன்னாள்.

"ஆடிக் கடைசியிலை. வெறும் தடிமன், இருமல் எண்டுதான் நினைச்சனான். பிறகு இரவிலை வேர்த்தது." அவள் தலைப்பை எடுக்கவில்லை. "கட்டினதிலை ஏதும் பிழை இருந்ததோ ஐயா?"

"இல்லை. வந்ததுக்குள்ளை அது ஒண்டுதான் சரி."

அவளுக்கு அழுகை வந்தது. நான் எழுந்து யன்னலை முழுதாகத் திறந்தேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"இராசமலர் எண்டே இருக்கட்டும் ஐயா. நான் மருந்துக் குளிசையை எப்பிடியும் வெளியிலை எடுப்பன். என்ரை பேர் போனால் தை மாதம் வேலை வராது. பிள்ளையளுக்கு நான் என்ன சொல்ல?"

"இராசமலருக்கு ஆர் ஊசி போடுறது? இல்லாத ஆளுக்கு மருந்து வராது. நீர் வீட்டை போய்வந்தனீர்தானே, உம்மடை பிள்ளையளையும் நெஞ்சுப் படம் பிடிச்சுப் பார்க்கோணும்."

பிள்ளைகள் என்றதும் அவள் அடங்கிவிட்டாள். பழக்கத்தில் பேணியை எடுத்து அவிக்கப் போனாள். நான் குறுக்கே போய் வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு போத்தலை நான் அவித்தேன்.

பிறகு மேசையில் உட்கார்ந்து பதிவில் இராசமலரை வெட்டி நேசமலர் என்று எழுதினேன். டொக்டருக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தேன். கடைசியில் 'தொற்று வந்த விதம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாருக்கும் 'தெரியாது' என்றே எழுதிப் பழகிய கை. இன்றும் அந்தச் சொல்லை எழுதினால் டொக்டர் ஒன்றும் கேட்கமாட்டார், என் முதுகில் தட்டிய கை தட்டியபடியே இருக்கும். நேசமலர் மட்டும் நோயோடு வந்த தற்காலிகக்காரியாக வெளியே போவாள்.

நான் எழுதினேன். 'ஆய்வுகூட வேலையில் வந்தது. ஏழு மாதம் பெனிசிலின் போத்தல்களின் றப்பர் மூடியைத் திறந்தவர். அந்தப் போத்தலைத் தெரிந்தெடுத்தவன் நான். திருகு மூடிப் போத்தல் கேட்டவர் இவர். இவருடைய வேலையை நிறுத்தி வைக்க நியாயமில்லை.' கீழே கையெழுத்து வைத்தேன்.

அவள் தூர நின்றபடியே அதை வாசித்தாள்.

"உங்களுக்கு வில்லங்கம் வரும் ஐயா."

"வரட்டும்."

"வேலை தருவினமோ?"

"தெரியேல்லை, நேசமலர்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அலுமாரியைத் திறந்து, மிச்சமிருந்த கிரீம் போத்தல்களை எண்ணி மேசையில் அடுக்கினாள்.

"பதினாலு கிடக்கு. இதுகள் முடிஞ்சால் கனகலிங்கத்திட்டை நீங்கள்தான் போய்க் கேக்கோணும்," என்றாள்.