பளிங்கு நடைமேடை

ரயில் பொறியியல் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு நாற்காலியில் இன்னும் மூன்று ஆண்டு உட்கார ஆசை. உட்காரலாமா என்று முடிவு செய்யத்தான் அன்று குழு வந்திருந்தது.

வளாகத்துக்குள்ளேயே கொஞ்சம் தண்டவாளம், ஒரு பழைய பெட்டி, புதிதாகக் கட்டிய மாதிரி நடைமேடை. பணிமனையில் ஏணி வைத்துக் குழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். மாணவர்கள் பூங்கொத்தோடு காத்து நிற்கும் நடைமேடையில் இறக்குவதாக ஏற்பாடு.

"கொஞ்சமாவது குலுங்குச்சா மேடம்?" கூடவே ஏறிய துணைவேந்தர் கேட்டார்.

"நடக்கிற வேகத்துல போனா எது சார் குலுங்கும்?" என்றார் குழுவின் தலைவி.

பெட்டி நின்றது. துணைவேந்தர் தம் கையாலேயே கதவைத் தள்ளினார். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அதன் அடிப்பாகம் நடைமேடை விளிம்பில் இடித்து நின்றது. தோளைக் கொடுத்து முட்டினார்.

நடைமேடையில் நின்ற இளவயதுத் துறைத் தலைவர் அலறினார்.

"மாமா, முட்டாதீங்க! பளிங்கு பேந்துடும்!"

தலைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "மாமாவா? நீங்க யாருப்பா?"

"நடைமேடை வடிவமைப்புத் துறைத் தலைவர், மேடம்."

"அது பதவி. நான் உறவைக் கேட்டேன்."

"சாரோட பொண்ணைக் கட்டியிருக்கேன்."

"சரி. கதவு திறக்க எவ்வளவு இடம் விடணும்னு எந்த வருஷத்துல சொல்லித் தர்றீங்க?"

"முதல் வருஷம். முதல் பாடம்."

"நடத்தறது?"

"நான்தான். வரைபடத்துல எல்லாம் சரியா இருந்தது மேடம். அதுக்கு மேல பளிங்கு ஒட்டச் சொன்னது மாமா. நீங்க வரும்போது பளபளன்னு இருக்கணுமாம்."

"ஒட்டின பிறகு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கலையா?"

"பெட்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தோம். அழுக்காகிடும்னு..."

"வாயை மூடுங்க மாப்பிள்ளை!" துணைவேந்தர் பல்லைக் கடித்தார்.

"கதவு அளவை எங்ககிட்ட கேட்கவே இல்லையே," என்றார் பெட்டித் துறைப் பேராசிரியர்.

"நீங்களா வந்து சொன்னா வாய் தேஞ்சுடுமா?" என்றார் நடைமேடைத் துறைக்காரர் ஒருவர்.

அங்கே முப்பது டாக்டர் பட்டம் நின்றது. ஒருவர் கையிலும் சுத்தியல் இல்லை.

கடைசியில் மறுபக்கக் கதவைத் திறந்து ஏணி வைத்தார்கள். தலைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"மேடம்... என் பதவி நீட்டிப்பு?"

"கிடையாது சார். மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

குழு ஜல்லிமேல் தட்டுத் தடுமாறிப் போனது. மாணவர்கள் பார்க்க ஏணியில் இறங்க மனம் வராமல் துணைவேந்தர் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தப் பளிங்கை உடைச்சுவிடுங்க. இப்படியே இறங்கி, பூவையாவது வாங்கிட்டுப் போறேன்."

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசா வர்றவர்கிட்டதான் அனுமதி கேக்கணும், சார்."