விரும்பிப் போகிறவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் குரலுக்கு மதிப்பில்லை. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். விரிப்பின் இரு தலைப்புகளைப் பற்றி எதிரெதிரே நிற்கும் நெட்டையக்காவும் இளையவளும் உதட்டசைவிலேயே உலகத்துக் கதையெல்லாம் பேசித் தீர்த்தவர்கள். இளையவளுக்குத் தொழில் படிந்ததும், பிள்ளை பெற்று வந்த மாதங்களில் அவள் பங்கு வேலை சத்தமின்றி முடிந்ததும் அக்காவின் கையால்தான்.

மடிப்பதற்கு ஓர் இயந்திரம் வந்தது. அக்காவைப் போகச் சொன்னார்கள். போகிறேன், ஆனால் மேலிடத்தில் முறையிடாமல் விடமாட்டேன் என்றாள் அவள்.

மேற்பார்வையாளர் இளையவளை அழைத்தார். "நாளைக்கு வழியனுப்புறோம். நன்றி சொல்ல உன்னை விட்டா யாரும்மா இருக்கா? 'அக்கா தானா விரும்பித்தான் போறாங்க'ன்னு நடுவுல ஒரு வரி வரட்டும். வந்தா உன் வேலை பத்திரம்."

அன்று மாலை அடுப்படியில் அவள் சொற்களைத் தேடித் தவித்தாள்.

"நன்றி சொல்லவா இவ்வளவு யோசனை? என்னைக் கட்டிக்கவே நீ இவ்வளவு யோசிக்கலையே" என்றான் கணவன்.

"அதான் அனுபவிக்கிறேன்."

எந்த நற்சொல்லை வைத்தாலும் அந்த ஒரு வரியின் அருகே அது நஞ்சு துளித்த பாலாயிற்று. இறுதியில் ஒரு வழி தோன்றியது. அவ்வரியை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் காதில் விழும். கோடியில் நிற்கும் அக்காவுக்குக் கேட்காது.

வழியனுப்புதலுக்காகவும் இயந்திரங்களை நிறுத்தவில்லை. நினைத்தபடியே சொன்னாள். சொல்லி முடித்த பின்னரே, தன் உதட்டைவிட்டு அகலாத அக்காவின் கண்களைக் கண்டாள். அவள் பேசியதையெல்லாம் அக்கா இத்தனை காலமும் அங்கேதானே கேட்டு வந்திருக்கிறாள்!

"யாருக்கும் கேக்கல. சத்தமாச் சொல்லும்மா" என்றார் மேற்பார்வையாளர்.

இளையவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா நடந்து வந்து நடுவில் நின்றாள். "அவளை எதுக்கு சார் பாடாப் படுத்துறீங்க? நானே சொல்றேன். நானா விரும்பித்தான் போறேன்." கைதட்டினார்கள். முறையீடு அந்த ஒலியிலேயே மாண்டது.

வாயிற்படியில் இளையவள் ஓடிச்சென்று அவள் கையைப் பற்றினாள். "அக்கா, உங்களுக்கு நான் எப்படி..."

"உனக்காகச் செஞ்சேன்னு நினைச்சுக்காத. உன் பிள்ளைங்க முகம் குறுக்க வந்துடுச்சு." அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "நன்றின்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதடி. காறித் துப்பிடுவேன்."