பன்னிரண்டு மணிக்குள்

மணி பதினொன்று. எங்கள் ஊர்ச் சுற்றுலாப் பேருந்தில் வந்த அத்தனை பேரும் பேங்காக்கின் கண்ணாடிக் கோபுரத்து உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சாப்பாட்டுக் கூடையோடு லிஃப்ட் வாசலில் நின்று எரிந்துகொண்டிருந்தேன்.

அம்மா இறந்து இன்று நூறாவது நாள். அவளுக்குப் புண்ணியம் சேரத்தான் தம்பி கம்போன் இங்கே ஒரு மடத்தில் பிக்குவாகியிருக்கிறான். பிக்குவுக்குப் படைப்பது இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும். அதற்காகவே மீனை வாழையிலையில் பொதிந்து, அம்மா போடுகிறபடியே உப்பை அள்ளிப் போட்டு, அவித்து எடுத்து வந்திருந்தேன். நண்பகல் தாண்டினால் பிக்கு ஒரு பருக்கைகூடத் தொடமாட்டார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களை அழைத்து வந்த சம்னியாங் அத்தைக்குத்தான் மறந்துவிட்டது.

“அத்தை, கிளம்பலாம். மடத்துக்கு நேரமாச்சு.”

“ஏண்டி இப்படிப் பறக்கிறே? மடத்துக்குக் கால் முளைச்சு ஓடிடுமா? இரு, ஒரே ஒரு படம்.”

அந்த ஒரே ஒரு படம் பதினைந்து படமானது. பிறகு சாலை நெரிசல். தலைக்கு மேலே ரயில்கள் பறந்தன. கீழே நாங்கள் ஆணி அடித்தாற்போல் நின்றோம். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

மடத்து வாசலில் இறங்கும்போது பன்னிரண்டே கால். கம்போன் படிக்கட்டில் காத்திருந்தான்.

“மன்னிச்சுடுங்க சாமி, வழியில மாட்டிக்கிட்டோம். ஒரு வாய் மட்டும்...”

“முடியாதுக்கா. நேரம் தாண்டிடுச்சு.”

சட்டி அடுப்பிலிருந்து இறங்குமுன் மீனைத் திருடித் தின்றவன் சொல்கிறான் இதை!

“அப்ப அம்மா இன்னைக்குப் பட்டினியாடா?”

பிக்குவை ‘டா’ போட்டுவிட்டேன். கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டது. அவன் கோபப்படவில்லை. கண் மட்டும் கூடையை விட்டு நகரவில்லை.

“இவங்களுக்குப் போடுக்கா. பசியோட வந்திருக்காங்க. அந்தப் புண்ணியமும் அம்மாவுக்குத்தான். நான் ஓதுறேன்.”

இவர்களுக்கா! என் நாளையே பாழாக்கியவர்களுக்கா! பல்லைக் கடித்துக்கொண்டு பொதிகளைப் பிரித்தேன். கம்போன் கண்ணை மூடி ஓதத் தொடங்கினான். முதலில் கை நீட்டியது சம்னியாங் அத்தைதான். சோற்றை உருட்டி, மீனோடு சேர்த்து வாயில் போட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. உப்பைத்தான் இப்படி அள்ளிக் கொட்டிட்டே.”

கம்போனின் குரல் சட்டென்று நின்றது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.