எட்டடி மேசை

மேசையின் நீலப் பெயின்ற் ஒரு சாண் அகலத்துக்குச் சுருண்டு எழும்பியதும் றஞ்சனி சுரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தாள். தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. தலையைச் சற்றுச் சரித்துப் பார்த்தபோது அந்த நிறத்துக்குள்ளே வெளிச்சம் அலையலையாக நகர்ந்தது.

"அக்கா! ஓடி வா, ஓடி வா!"

முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மரியநாயகி, செதில் ஒட்டிய கைகளோடு ஓடி வந்தாள்.

"என்னடி, கையை வெட்டிப்போட்டியே?"

"முதிரை. முழுக்க முதிரை. பார், வெயிலுக்கு எப்பிடி ஓடுது எண்டு."

மரியநாயகி குனிந்து பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள். "இதிலயோ புங்குடுதீவில ஆட்டுக்குக் குழை குவிச்சு வைச்சிருந்தவை? நல்ல மரம்தான்." பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, "முடிப்பியோ?" என்றாள்.

அந்தக் கேள்வியில் நையாண்டி இல்லை. நாற்பத்து மூன்று வயதுக்குள் றஞ்சனி பாதியில் விட்டவை அப்படி. தட்டெழுத்து வகுப்புக்கு நாலு மாதம் போனாள். தையல் பழகி, ஒரு சட்டைக்குக் கை வைக்காமலே நிறுத்தினாள். ஜேர்மனிக்குப் போகவென்று கொழும்புவரை போய், ஒரு கிழமை லொட்ஜில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேசி முடித்த கலியாணத்தைக்கூட, தேவாலயத்தில் அதை அறிவித்து ஓலை வாசிப்பதற்கு முதல் நாள் வேண்டாம் என்றுவிட்டாள். ஊரான கரம்பொன்னில் அவளுக்கு 'அரைவாசி' என்றொரு பட்டம் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். இரவல் எடுத்த புத்தகங்களையாவது முழுதாக வாசிக்கிறவள் என்பதால்தானோ என்னவோ, ஊர் நூலகத்தில் உதவியாளர் வேலை மட்டும் பதினாறு வருடமாக நிலைத்திருந்தது.

மர வேலை அந்த நூலகத்தில்தான் தொடங்கியது. கால் உடைந்த வாசிப்புக் கதிரை ஒன்றை விறகுக்குப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். எப்படித் திருத்துவதென்று தெரியவில்லை. போனில் தேடியபோது, விளங்காத ஏதோ ஒரு பாசையில் பேசியபடி ஒரு பெண் பழைய கதிரைகளைப் புதுப்பிக்கும் காணொளிகள் வந்தன. றஞ்சனி அவளுடைய கைகளை மட்டும் பார்த்துப் பழகினாள். முதல் அலுமாரிக்கு மாரிகாலத்தில் வார்னிஷ் அடித்தாள்; அது காயாமல் தைப்பொங்கல்வரை ஒட்டிக்கொண்டே கிடந்தது. ஒரு முக்காலியின் பொலிஷில் மரியநாயகி சுடுகேத்திலை வைத்து வெள்ளை வட்டம் விழுத்தினாள். றஞ்சனி அழுது, சண்டை பிடித்து, பிறகு அந்த வட்டத்தைப் போக்கவும் பழகினாள். மூன்று வருடத்தில் பதினொரு சாமான்கள் விற்றுவிட்டாள். வேலை முடிந்து வந்து சாண்ட் பேப்பரைக் கையில் எடுத்தால் மனதுக்குள் அன்றைக்கு நடந்த கதைகளெல்லாம் ஓய்ந்துபோகும். மரத்தின் ரேகை போகும் பக்கம் கையும் போகும். இப்படியொன்று தனக்கு இத்தனை காலமாகக் கிடைக்காமல் எங்கே இருந்ததென்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இந்த மேசை புங்குடுதீவில் ஆளில்லாத ஒரு வீட்டிலிருந்து வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அரியநாயகம், கனடாவிலிருக்கும் சொந்தக்காரரிடம் போனில் கேட்டு, "கொண்டு போகட்டாம்" என்று ஏற்றிவிட்டார். எட்டடி நீளம். யாரோ ஒரு காலத்தில் வள்ளத்துக்கு வாங்கிய பெயின்றில் மிச்சத்தை இதற்கு அடித்திருந்தார்கள். பாதி சுரண்டிய நிலையில் ஒரு படமெடுத்து றஞ்சனி முகநூலில் போட்டாள். அன்று பின்னேரமே நயினாதீவிலிருந்து கோசலா என்ற பெண் அழைத்தாள். தகப்பன் வீட்டின் முன்பக்கத்தைக் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றுகிறாளாம். திருவிழாவுக்கு முன், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பால் காய்ச்சித் திறக்கிறாளாம்.

"எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட ஒரு மேசை வேணும் அக்கா. உதுதான் அது. பாத்த உடன எனக்குத் தெரிஞ்சிட்டுது. முடிச்சுத் தருவியள்தானே?"

"ஓம்" என்றாள் றஞ்சனி. சொன்ன பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தாள்.

ஐந்து கிழமை. பெயின்ற் போனது. பழைய ஆணித் துளைகள் அடைபட்டன. உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்து, மூன்று தரம் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு வட்டமாக ஏற்றினாள். நாற்பது பூச்சு. கடைசிப் பூச்சு காய்ந்த அன்று மரியநாயகி மேசையின்மேல் குனிந்து பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அதைப் பார்த்து றஞ்சனி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

வியாழக்கிழமை காலை சின்ன லொறியில் மேசையைக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோனார்கள். பயணிகள் படகின் வாசலுக்குள் அது நுழையாது. அதனால் ஒன்றுவிட்ட தம்பி றெக்ஷன் தன் மீன்பிடிப் படகை அங்கே கொண்டுவந்து காத்திருந்தான். பழைய சாரத் துணிகளால் சுற்றி, தறப்பாள் போட்டுக் கட்டி, சாக்குகளின் மேல் மேசையைக் குப்புறக் கிடத்தினார்கள். வானத்தைப் பார்த்த நாலு கால்களுக்கு நடுவே தன் பையை மடியில் வைத்துக்கொண்டு றஞ்சனி இருந்தாள்.

"அக்கா, சோளகக் காத்து எழும்பிட்டுது. நாளைக்குப் போவமே?"

"நாளைக்கு விடியப் பால் காய்ச்சுகினம். இண்டைக்குத்தான்."

நடுக்கடலில் காற்று பிடித்தது. படகின் முகப்பு எழும்பி விழும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் வாளியால் எறிந்ததுபோல வந்து விழுந்தது. தறப்பாளின் ஒரு கட்டு அறுந்து அடித்தது. றஞ்சனி அதன்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடத்தில் போகவேண்டிய தூரத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. கரையில் ஏறியபோது அவள் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆனாலும் மனம் துள்ளியது. மேசை வந்துவிட்டது.

கோசலா வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நாலு பேர் மேசையை நிமிர்த்தி வைத்தார்கள். கோசலாவே சாரங்களை அவிழ்த்தாள். கடைசிச் சாரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதையும் இழுத்து எடுத்தாள்.

மேசையின் பாதி வெளுத்திருந்தது. பால் ஊற்றிக் காயவிட்டதுபோல.

"ஐயோ, நாளைக்குச் சனம் வரப்போகுது" என்றாள் கோசலா. பிறகு மெதுவாக, "சாப்பாட்டு மேசையில தண்ணி படாம இருக்குமே அக்கா?" என்றாள்.

றஞ்சனி வேலி வாசல் பக்கம் பார்த்தாள். படலை திறந்தே இருந்தது. அதற்கப்பால் ஒழுங்கை, ஒழுங்கையின் முடிவில் கடல், அங்கே றெக்ஷனின் படகு. போய் ஏறிவிடலாம். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று ஒரு சொல் போதும். ஊரில் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அவளுடைய கால் உண்மையாகவே ஒரு அடி படலைப் பக்கம் நகர்ந்தது.

கை மட்டும் மேசையை விடவில்லை. விரல் நுனியால் வெள்ளையைத் தடவினாள். மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருந்தது, வெடிப்பில்லை, உரியவில்லை. ஈரம் அரக்குக்குள்தான் போயிருந்தது. மரத்தைத் தொடவில்லை.

"சாப்பிடேக்க சிந்தினாத் துடைச்சா ஒண்டும் செய்யாது, தங்கச்சி. இது ஒரு மணித்தியாலம் உப்புத் தண்ணியில ஊறினது" என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. "நல்ல தண்ணி ஒரு வாளி தாங்கோ. நல்லாத் தோய்ச்ச பழைய பருத்தி வேட்டி ஒண்டும் வேணும்."

கோசலாவின் தகப்பன் பரமலிங்கம் உள்ளே போய்த் தன்னுடைய வேட்டியொன்றை எடுத்து வந்து நீட்டினார். "கிழியும் பிள்ளை, பரவாயில்லை."

உப்பைக் கழுவித் துடைத்தாள். காயும்வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு பையிலிருந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தாள். முக்காலியில் போக்கியது ஒரு கேத்தில் வட்டம், இது நாலடி. ஸ்பிரிட் குறைந்தால் வெள்ளை போகாது. கூடினால் நாற்பது பூச்சும் இளகி இழுபட்டுவிடும். வேட்டித் துண்டைப் பஞ்சில் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்தாள். ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே வீச்சில் பொட்டலத்தை மேசையின் மேலாக ஓடவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் ஓடவிட்டாள். மூன்றாம் தரம் பொட்டலம் போன வழியில் வெள்ளை மெல்லிதாகி, ஒரு முழம் நீளத்துக்குத் தேன் நிறம் திரும்பி வந்தது.

"எடி! போகுதடி!" என்று கத்தினார் கோசலாவின் தாய் யோகம்மா. கூடி நின்றவர்கள் இன்னும் கிட்ட வந்தார்கள். "நிழல் விழுத்தாதேங்கோ" என்று றஞ்சனி அதட்டினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவளுக்குக் கேட்கவேயில்லை. இரண்டரை மணிக்குக் கடைசி வெள்ளைத் திட்டும் கலைந்து போனது. மெழுகு பூசித் தேய்த்து முடித்து நிமிர்ந்தபோது தோள் இரண்டும் நடுங்கின. கோசலா ஓடி வந்து, அவள் நனைந்து காய்ந்த சட்டையோடு நிற்பதையும் பாராமல் கட்டிப் பிடித்தாள். றஞ்சனி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

முதல் சோறு அந்த மேசையில் றஞ்சனிக்கும் றெக்ஷனுக்கும்தான் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது யோகம்மா உள்ளேயிருந்து பச்சைப் பெயின்ற் அடித்த கைக்கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார்.

"இதுக்குள்ள என்ன மரம் இருக்குதெண்டு ஒருக்காப் பாரும்."

செய்தி எப்படிப் போனதோ தெரியவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை வழியே ஒருத்தி தொட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு சின்ன அலுமாரியைத் தூக்கி வந்தார்கள்.

"அக்கா, படகுக்குள்ள இடம் இல்லை" என்றான் றெக்ஷன்.

"எல்லாம் கொள்ளும். ஏத்து."

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு அவள் இருப்பதற்குப் பலகையில் இடமில்லை. பச்சைக் கதிரையை நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டி, அதிலேயே ஏறி இருந்தாள். காற்று அடங்கி, பின்னேர வெயில் கடல்மேல் விரிந்து கிடந்தது. எதிரே குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகு ஒன்று நிறைந்த சனத்தோடு வந்தது. கடலின் நடுவே கதிரையில் நிமிர்ந்து இருந்து வரும் ஒரு பெண்ணைக் கண்டதும், அந்தப் பக்கம் இருந்தவர்களெல்லாம் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். றெக்ஷன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். றஞ்சனி கைபிடியிலிருந்து ஒரு கையை எடுத்து அவர்களுக்கு உயர்த்திக் காட்டினாள்.