ஆள்2

சும்மா சொல்லக் கூடாது, புரோகிராமரின் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வீட்டில்தான். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகியும் மனைவியின் எட்டு வயது மகள் அவனை “ஏங்க” என்றே கூப்பிட்டாள். அம்மா அப்படிக் கூப்பிடுகிறாள், வாண்டும் அதையே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு, உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வான். அப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது? கேட்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தான்.

அன்று பள்ளிக்கு விடுமுறை. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்குப் பகல் டியூட்டி. சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவன் லேப்டாப், மறுபக்கம் வாண்டுவின் கலர் பென்சில்கள். ஒரு கிளினிக்கின் குடும்பப் பதிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றிச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். சோதனைக்குத் தன் வீட்டையே உள்ளே போட்டிருந்தான்.

திரையில் வந்ததை வாண்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது, டப்பாக்குள்ள டப்பா மாதிரி?”

“அதேதான். வீடு பெரிய டப்பா. அதுக்குள்ள அம்மா. அம்மாவுக்குள்ள நீ. ஒவ்வொரு டப்பா மேலயும் பேர் இருக்கும்.”

விரல் வைத்துப் படித்தாள். வீடு, அம்மா, மகள். விரல் இன்னும் கீழே இறங்கி நின்றது.

“ஆள் ரெண்டு. இது யாரு?”

அவனுக்குச் சுருக்கென்றது. “நான்தான். புரோகிராமுக்குள்ள அவசரத்துல வெச்ச பேரு. அதுக்கு மேல ஒரு குறிப்பு எழுதணும், வெளிய போகும்போது இந்தப் பேர்ல போன்னு. உங்க ரெண்டு பேருக்கும் எழுதினேன். எனக்கு மறந்துட்டேன்.”

பச்சைப் பொய். அந்த இடத்துக்குக் கிளினிக் கொடுத்த பட்டியலில் இருந்தவை இரண்டே பெயர்கள்: அப்பா, காப்பாளர். முதலாவதை எழுதத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. காலையிலிருந்து அந்த ஒரு வரியைத் தொடாமல் மற்றதையெல்லாம் முடித்திருந்தான்.

“குறிப்பு எழுதலைன்னா?”

“உள்ள இருக்கிற பேரே வெளிய வந்துடும்.”

“எழுதினா உள்ள இருக்கிற பேரு மாறிடுமா?”

“மாறாது. அது பாட்டுக்கு இருக்கும்.”

வாண்டு ஒரு பென்சிலை எடுத்து, சீவாமலே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கும் அப்படித்தான். வெளிய ஏங்க. உள்ள வேற பேரு.”

விசைப்பலகை மேல் அவன் கை அப்படியே நின்றது. என்ன பேர் என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கினான்.

“எத்தனை நாளா?”

“சைக்கிள் கத்துக் குடுத்தீங்கல்ல, அப்போலேருந்து. வெளிய சொல்ல ஒரு மாதிரி இருக்கு.”

சைக்கிள் கற்றுக்கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. பத்து மாதமாக இந்த மனுஷன் உள்ளே போய் உட்கார்ந்து ஏங்கியதெல்லாம் வீண்.

“அது உள்ளயே இருக்கட்டும்மா. ஒண்ணும் அவசரமில்ல,” என்றான். குழந்தையை நெருக்கிவிடக் கூடாதே என்று, குறிப்பில் ‘காப்பாளர்’ என்று அடித்தான். வாண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்து முகத்தைச் சுளித்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

“சாப்பிட்டோம்மா. இல்ல, வேலை இன்னும் முடியலை. அப்பா ஒரு பேரைத் தப்பாப் போட்டுட்டாங்க. இப்ப மாத்துவாங்க.”

போனை வைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போலப் பக்கத்தில் வந்து நின்றாள். அவனுக்குத் திரையே சரியாகத் தெரியவில்லை. ‘காப்பாளர்’ என்பதை அழித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்தான். ‘அபபா’ என்று வந்தது.

வாண்டு திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

“புள்ளியை விட்டுட்டீங்கப்பா.”